அரச அலுவலகம் ஐபிவி6க்கு மாறுவது: எது அவசியம், எது அவசரமில்லை

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தரமுல்லையில் ஒரு திணைக்களத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் வேலை செய்கிறீர்கள். முந்நூறு கணினிகள் வரையில் இருக்கின்றன. எல்லாம் 10 இல் தொடங்கும் உள்முகவரிகளில் ஒழுங்காக ஓடுகின்றன. இணையத்தில் கணினிகளுக்கு முகவரி தரும் புதிய முறையான ஐபிவி6க்கு ஓராண்டுக்குள் மாற வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. கருவி விற்கும் நிறுவனம் ஒன்று, ரவுட்டர்கள், சுவிட்சுகள் அனைத்தையும் மாற்றுவதற்கு விலைமனு கொடுத்திருக்கிறது. முகவரி போதாமல் ஒருநாளும் தவித்ததில்லை, பிறகு எதற்கு இது, ஒரே இரவில் மாற்றினால் மக்கள் சேவை நின்றுபோகாதா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: இது உண்மையில் செய்ய வேண்டிய வேலையா, அல்லது யாரோ ஒருவரின் அறிக்கையில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்கான வேலையா?

செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அந்த விலைமனு சொல்லும் வேலை அல்ல. ஒரே இரவில் மாற்றுவது என்ற பேச்சுக்கும் இடமில்லை. பழையதும் புதியதும் சில ஆண்டுகள் ஒரே கம்பியில் சேர்ந்தே ஓடும். கொழும்பில் அரச, தனியார் அலுவலகங்களின் வலையமைப்புகளை அமைப்பதும் பராமரிப்பதும்தான் நீண்டகாலமாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் கட்டடத்தின் வரைபடத்தை நான் பார்த்ததில்லை என்பதால், உங்கள் இடத்தைப் பற்றி நான் சொல்பவற்றை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றிலிருந்து தொடங்குவோம். இன்று நாம் பாவிக்கும் ஐபிவி4, 1981 இல் வரையறுக்கப்பட்டது. அதன் முகவரி 32 பிட் நீளம். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். உலகின் மையக் கையிருப்பு 2011 பெப்ரவரி 3 அன்று தீர்ந்தது. இலங்கை சேர்ந்திருக்கும் ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கு முகவரிகளைப் பங்கிடும் பதிவகமான ஏப்நிக், அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்குள் நுழைந்து பங்கீட்டு முறைக்கு மாறியது. இன்று அங்கே புதிதாகச் சேரும் ஒரு நிறுவனம் பெறக்கூடியது அதிகபட்சம் 512 முகவரிகள். பணம் இருந்தால் வெளிச் சந்தையில் வாங்கலாம் என்பதும் உண்மைதான், வாடகைக்கு எடுத்தால் அந்தப் பணம் ஆண்டுதோறும் போகிறது என்பதும் உண்மைதான். அமேசன் தன் கிளவுட் சேவையில் 2024 பெப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டொலர் அறவிடுகிறது. ஆண்டுக்குப் பார்த்தால் ஒரு முகவரிக்கு ஏறத்தாழ 44 டொலர்.

உங்கள் கட்டடத்துக்குள் தட்டுப்பாடு இல்லை என்பது சரி. 10 இல் தொடங்கும் முகவரிகள் மட்டுமே ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேல். தட்டுப்பாடு இருப்பது உங்களுக்கும் பொதுமகனுக்கும் நடுவில். கையடக்கத் தொலைபேசி நிறுவனங்களிடம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொடுக்கப் பொது ஐபிவி4 முகவரி இல்லை. ஆகவே ஒரே முகவரியின் பின்னால் பெருந்தொகையானோரை நிறுத்தி, பெரிய அளவிலான முகவரி மாற்றத்தின் வழியே வெளியே அனுப்புகிறார்கள். இதன் விளைவு உங்கள் சேர்வரில்தான் தெரியும். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கைகளுக்கு மேல் வந்தால் தடை செய் என்று ஃபயர்வாலில் ஒரு விதி இருக்கிறது என்று வையுங்கள். வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் தனித்தனி வீடுகளில் இருந்து பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும், அந்த விதியின் கண்ணுக்கு ஒரே தாக்குதல்காரராகத் தெரிவார்கள். மறுபக்கம், ஒரு மோசடியை விசாரிக்கும் பொலிசாருக்கு நீங்கள் முகவரியையும் நேரத்தையும் மட்டும் எடுத்துக் கொடுத்தால் பயனில்லை. ஒரே முகவரியைப் பகிர்வோரைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண் எது என்பதும் தேவைப்படும். அதைப் பதிந்து வைக்கும் அரச இணையத்தளங்கள் நான் பார்த்த வரையில் மிகக் குறைவு. அரச நிறுவனம் ஒன்று ஐபிவி6க்கு வர வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு முதற்காரணம் இதுதான்: குடிமகன் உங்களிடம் தன் சொந்த முகவரியில் வந்து சேர ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

இனி, கட்டளை போட்டால் மாறிவிடுமா என்பது. இதில் அமெரிக்க மத்திய அரசின் கதையை அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நம் அலுவலகங்களில் நடக்கக்கூடியதெல்லாம் அங்கே முன்பே நடந்து முடிந்திருக்கிறது. 2005 ஓகஸ்டில் அங்கே ஒரு சுற்றறிக்கை வந்தது: 2008 ஜூன் 30 க்குள் எல்லா அரச முகவர் நிலையங்களின் முதுகெலும்பு வலையமைப்பும் ஐபிவி6க்குத் தயாராக வேண்டும். தயார் என்பதற்கு வைத்த சோதனை, ஒரு ஐபிவி6 தரவுப் பொதி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிறதா என்பதே. பொதி போனது, தேர்ச்சி அறிக்கை போனது, பிறகு பல இடங்களில் அந்த வசதி பயன்பாட்டுக்கே வரவில்லை. 2010 செப்டெம்பரில் இன்னொரு கட்டளை வந்தது. இந்த முறை அது பயனைக் கேட்டது: பொதுமக்கள் பார்க்கும் சேர்வர்கள் 2012 நிதியாண்டு முடிவுக்குள், உள்ளிருந்து இணையத்தோடு பேசும் கணினிகள் 2014 நிதியாண்டு முடிவுக்குள் என்று. அதோடு அங்குள்ள தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், எந்த முகவர் நிலையத்தின் இணையத்தளம், மின்னஞ்சல், பெயர்ச் சேவை (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) ஐபிவி6 இல் பதில் சொல்கின்றன என்பதை வெளியிலிருந்து தானே அளந்து எல்லோரும் பார்க்க வெளியிட்டது. அதன் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் அசைவு வந்தது, அப்போதும் எல்லோரும் தவணைக்குள் முடிக்கவில்லை. 2020 நவம்பரில் வந்த மூன்றாவது கட்டளை, இரண்டையும் சேர்த்து ஓட்டுவது செலவும் சிக்கலும் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஐபிவி6 மட்டும் என்ற இலக்கை வைத்தது: 2023 நிதியாண்டு முடிவில் வலையமைப்பில் உள்ளவற்றில் 20 சதவீதம், 2024 இல் 50, 2025 இல் 80.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியது தவணைத் திகதியை அல்ல, அளவுகோலை. உங்கள் மேலிடம் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, கருவிகள் ஐபிவி6 ஐ ஆதரிக்கின்றனவா என்பதல்ல. போன மாதம் நம் இணையத்தளத்துக்கு வந்த கோரிக்கைகளில் எத்தனை சதவீதம் ஐபிவி6 இல் வந்தன என்பதே. அந்த ஒரு எண்ணை மாதாமாதம் கேட்டால் மற்ற வேலைகள் தானாகவே வரிசையில் வந்து நிற்கும். மற்ற நாடுகளைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. இந்தியாவில் 2010 இல் தேசிய வழிவரைபடம் வந்தது. ஆனால் பயன்பாடு பாய்ந்து ஏறியது 2016 இல் ஜியோ தன் கைபேசி வலையமைப்பைத் தொடக்கத்திலிருந்தே ஐபிவி6 ஐக் கொண்டு கட்டியபோது. செக் குடியரசு 2032 ஜூன் 6 க்குப் பிறகு அரச சேவைகளை ஐபிவி4 இல் வழங்குவதை நிறுத்துவதென 2024 ஜனவரியில் முடிவெடுத்திருக்கிறது.

“நாங்கள் இன்னும் தொடங்கவில்லை” என்று எழுதியிருந்தீர்கள். அது அநேகமாகச் சரியல்ல. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் ஐபிவி6 இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. இரண்டும் கிடைத்தால் அதையே முதலில் தேர்ந்தெடுக்கிறது. உங்கள் மாடியில் எந்தக் கணினியிலாவது வலையமைப்பு விபரங்களைத் திறந்து பாருங்கள், யாரும் கொடுக்காத, உள்வலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒரு ஐபிவி6 முகவரி அங்கே இருக்கும். இதன் பொருள், உங்கள் சுவிட்சில் செருகப்பட்ட எந்தக் கருவியும் “நான்தான் ரவுட்டர்” என்று அறிவித்தால் கணினிகள் நம்பிவிடும். அல்லது முகவரி வழங்கும் சேவையைப் போல நடித்துத் தன்னையே பெயர்ச் சேவையாகக் கொடுத்தால், ஊழியர்களின் கடவுச்சொற்கள் அதன் வழியே போகும். இதற்கென்றே ஆயத்தமான கருவிகள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. அவை வேலை செய்வது ஐபிவி6 ஐக் கவனிக்காத அலுவலகங்களில்தான். சுவிட்சுகளில் போலி ரவுட்டர் அறிவிப்பைத் தடுக்கும் அமைப்பை இயக்குவது, நீங்கள் நாளைக்கே செய்யக்கூடிய வேலை. அதற்கு எந்த முகவரியும் வாங்க வேண்டியதில்லை.

நாட் (உள்முகவரிகளைப் பொது முகவரியின் பின்னால் வைக்கும் முகவரி மாற்றம்) இல்லாவிட்டால் கணினிகள் எல்லாம் வெட்டவெளியில் நிற்குமே என்ற பயத்தை எல்லா அலுவலகங்களிலும் கேட்கிறேன். காவல் செய்வது ஃபயர்வால். உள்ளிருந்து தொடங்காத தொடர்பை உள்ளே விடாதே என்ற விதியை ஐபிவி6 இலும் அப்படியே எழுதலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: ஐபிவி4 க்கு ஆண்டுக்கணக்காகச் செதுக்கிய விதிகள் இருக்கும், ஐபிவி6 பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இரண்டு விதித்தொகுப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டு வைத்து ஒப்பிடுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. வலையமைப்புக் கருவிகள் பிழைகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் ஐசிஎம்பி என்றாலே தடுத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. ஐபிவி6 இல் இடையிலுள்ள ரவுட்டர் ஒரு பொதியைத் துண்டாக்காது; “இது எனக்குப் பெரிது, சிறிதாக்கி அனுப்பு” என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி வழியே செய்தி சொல்லும். அந்தச் செய்தியைத் தடுத்தால் நடப்பதை ஓர் அலுவலகத்தில் நேரிலே பார்த்தேன். முகப்புப் பக்கம் உடனே திறக்கும். விண்ணப்பப் படிவத்தைத் தரவிறக்கப் போனால், சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். எல்லோருக்கும் அல்ல, குறிப்பிட்ட வகை வீட்டு இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும். அலுவலகத்திலிருந்து சோதித்தால் எல்லாம் சரி. சிறிய பொதிகள் போய்ச் சேர்ந்தன, பெரியவை வழியில் மாய்ந்தன. அவை பெரியவை என்ற செய்தி சேர்வரை எட்டவே இல்லை. ஃபயர்வாலில் ஒரு வரியைத் திருத்தியதும் சரியாகிவிட்டது. எந்தெந்த ஐசிஎம்பி செய்திகளை உள்ளே விட வேண்டும் என்பதற்கு இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 4890 இல் தெளிவான பட்டியல் இருக்கிறது, அதை அப்படியே பின்பற்றுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? வெளியிலிருந்து உள்ளே. முதலில் பெயர்ச் சேவை, அடுத்து பொது இணையத்தளம், அடுத்து மின்னஞ்சல். ஊழியர்களின் மேசைக் கணினிகள் கடைசி. ஆனால் அதற்கு முன் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். உங்கள் திணைக்களம் லங்கா அரசாங்க வலையமைப்பின் வழியே இணையத்துக்குப் போகிறதென்றால், இதை நீங்கள் தனியே செய்ய முடியாது. முகவரித் தொகுதியும் வழிப்படுத்தலும் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். தனியார் சேவை வழங்குநரிடம் இணைப்பு வாங்கியிருந்தால் அவரிடம் கேளுங்கள். ஒரு கட்டடத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் தொகுதியில் 65,536 உபவலைகள் (வலையமைப்பின் உட்பிரிவுகள்) அடங்கும். ஐபிவி4 இல் சிக்கனமாகப் பங்கிட்ட பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். மாடிக்கு ஒரு எண், பிரிவுக்கு ஒரு எண் என்று, முகவரியைப் பார்த்ததும் இடம் தெரியும்படி தாராளமாகப் பிரியுங்கள். முன்மாதிரி தேடி நாட்டுக்கு வெளியே போக வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு ஐபிவி6 ஐக் கையாண்டு பழகியிருக்கிறது, அங்கே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள்.

இணையத்தளத்தை ஐபிவி6 இல் திறந்ததும், அது வேலை செய்கிறதா என்று உலாவியில் திறந்து பார்த்துத் திருப்தியடையாதீர்கள். இன்றைய உலாவிகள் இரண்டு வழியையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முயன்று, முதலில் பதில் தந்ததை எடுத்துக்கொள்ளும். ஐபிவி6 முற்றாகச் செத்துக் கிடந்தாலும் பக்கம் திறக்கும். உங்களுக்குத் தெரியவே வராது. ஆனால் இன்னொரு திணைக்களத்தின் சேர்வர் உங்கள் சேர்வரோடு பேசும்போது அந்தச் சலுகை அநேகமாக இருக்காது. அது ஐபிவி6 இல் போய் முட்டி, காத்திருந்து தோற்கும். ஆகவே கண்காணிப்பில் இரண்டு வழிகளையும் தனித்தனியே சோதிக்கும்படி அமையுங்கள்.

எனக்குத் தெரிந்தவரை, உண்மையான வேலை ரவுட்டரில் இல்லை. அது மென்பொருளில் இருக்கிறது. ஓர் அலுவலகத்தின் நிகழ்நிலை விண்ணப்ப முறையில், யார் எந்த முகவரியிலிருந்து உள்நுழைந்தார் என்று பதியும் அட்டவணை ஒன்று இருந்தது. அந்தக் களத்தின் அகலம் 15 எழுத்து. ஐபிவி4 முகவரியை எழுத அதற்கு மேல் தேவைப்படாது என்பதால், எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார். ஐபிவி6 முகவரி 39 எழுத்து வரை போகும். அந்தத் தரவுத்தளமோ பிழை என்று கத்தாமல், மிஞ்சியதை வெட்டி எறிந்துவிடும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. முதல் 15 எழுத்துக்குள் முகவரியின் முதல் மூன்று தொகுதிகள்தான் அடங்கும். அவை ஒரே சேவை வழங்குநரின் பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவாக இருக்கலாம். எனவே வேறு வேறு ஆட்கள் ஒரே இடத்திலிருந்து உள்நுழைந்ததாகப் பதிவுகள் காட்டின. இது கணக்காய்வின்போதுதான் வெளியே வந்தது, அதற்குள் மாதக்கணக்கான பதிவுகள் பயனற்றுப் போயிருந்தன. இதே வகையில், குறிப்பிட்ட ஐபிவி4 முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியல்கள் வங்கி இணைப்புகளிலும் திணைக்களங்களுக்கு இடையிலான இணைப்புகளிலும் நிறைய இருக்கும். ஒரே ஐபிவி6 முகவரியைப் பல விதமாக எழுதலாம் என்பதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல்களும் தடுக்கி விழும். இவற்றைத் தேடி எடுப்பதற்கு ஒரு மென்பொருள் ஆள் உட்கார்ந்து நிரலைப் படிக்க வேண்டும். எந்தக் கருவி விலைமனுவிலும் இந்தச் செலவு இருக்காது.

அப்படித் தேடும்போது நீங்கள் மறந்திருந்த பழைய மென்பொருள்களும் வெளியே வரும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள். 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவை கப்பம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளாகி, அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் தொலைந்ததை நாம் எல்லோரும் பட்டோம். காலாவதியான பதிப்பில் ஓடியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எங்கே என்ன ஓடுகிறது என்ற பட்டியல், ஐபிவி6 வந்தாலும் வராவிட்டாலும் உங்களிடம் இருக்க வேண்டிய ஒன்று.

விலைமனுவுக்கு வருவோம். அண்மைய ஆண்டுகளில் வாங்கிய நிறுவனத் தரக் கருவிகளில் பெரும்பாலானவை ஐபிவி6 ஐ ஆதரிக்கும். சிலவற்றில் அதற்கான உரிமம் தனியே வாங்க வேண்டியிருக்கலாம், சிலவற்றில் மென்பொருள் புதுப்பிப்புப் போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டு வாங்குவதற்கு நான் உடன்படமாட்டேன். வீட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றுவது போல, வாழ்நாள் முடிந்த கருவியை அதன் முறை வரும்போது மாற்றினால் போதும். ஆனால் இன்றிலிருந்து வாங்கும் ஒவ்வொன்றும் சரியானதாக இருக்க வேண்டும். “ஐபிவி6 ஐ ஆதரிக்கும்” என்று கேள்விப்பத்திரத்தில் ஒரு வரி எழுதினால், ஆதரிக்கும் என்று ஒரு வரி பதில் வரும், அவ்வளவுதான். ஐபிவி4 இல் கிடைக்கும் ஒவ்வொரு வசதியும் அதே வேகத்தில் ஐபிவி6 இலும் கிடைக்க வேண்டும், ஐபிவி4 ஐ முற்றாக நிறுத்திய நிலையிலும் கருவியை நிருவகிக்க முடிய வேண்டும், பொறுப்பேற்பதற்கு முன் அது நம் முன்னிலையில் சோதித்துக் காட்டப்பட வேண்டும் என்று எழுதுங்கள். ஐரோப்பியப் பதிவகமான ரைப்பின் 772 ஆம் ஆவணம் கொள்முதல் செய்வோருக்காகவே எழுதப்பட்ட மாதிரி. அதிலிருந்து கருவி வாரியாகத் தேவைகளை எடுத்துக்கொள்ளலாம். சிசிரிவி கமராக்கள், வரவுப் பதிவு இயந்திரங்கள், அச்சுப்பொறிகளையும் இந்த நிபந்தனைக்குள் கொண்டுவாருங்கள். கடைசி வரை காலை இழுப்பவை இவைதான்.

ஐயத்துக்குரியவை சில உண்டு. ஐபிவி6 வேகமானது என்று விற்பனையாளர் சொன்னால், அதை நம்பிப் பணம் ஒதுக்காதீர்கள். சில வழிகளில் சற்று வேகம், சில வழிகளில் வித்தியாசமே இல்லை, வழிப்படுத்தல் மோசமாக இருந்தால் மெதுவாகவும் இருக்கலாம். ஐபிவி4 எப்போது முற்றாக மறையும் என்று எவரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்து ஓட்டுவதா, உள்வலையில் ஐபிவி6 ஐ மட்டும் வைத்துப் பழைய உலகுக்கு மொழிபெயர்ப்பு வாயில் ஒன்றை வைப்பதா என்பதில் தேர்ந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் சாய்வு இரண்டாவதின் பக்கம், ஏனென்றால் இரண்டு விதித்தொகுப்பு, இரண்டு கண்காணிப்பு என்று வைத்துப் பராமரிக்க உங்களைப் போன்ற சிறிய பிரிவில் ஆள்பலம் போதாது. ஆனால் இன்றே அல்ல. முதலில் விருந்தினர் வைஃபையிலோ உங்கள் சொந்தப் பிரிவின் மேசைகளிலோ அதை ஓட்டிப் பார்த்து, எந்த மென்பொருள் முரண்டு பிடிக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ஆண்ட்ராய்ட் தொலைபேசிகள் தம் முகவரியைத் தாமே அமைத்துக்கொள்ளும், தனியுரிமைக் காப்புக்காக அதை மாற்றியபடியும் இருக்கும். “இந்த முகவரி இந்த ஆளுடையது” என்று எழுதி வைக்கும் உங்கள் பதிவேட்டு முறை அங்கே உதவாது, உள்நுழைவுப் பெயரைக் கொண்டு அடையாளம் காண வேண்டும்.

ஓராண்டு போதுமா என்ற கேள்விக்கு: பொது இணையத்தளம், பெயர்ச் சேவை, மின்னஞ்சல் ஆகியவற்றுக்குப் போதும், இணைப்புத் தருபவர் ஒத்துழைத்தால். உள்வலை முழுவதற்கும் போதாது. மேலிடத்திடம் இதை இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். கூடவே மூன்று வேலைகளுக்கு அனுமதி கேளுங்கள்: இணைப்புத் தருபவருக்கு முகவரித் தொகுதி கேட்டுக் கடிதம், ஒரு மென்பொருள் உத்தியோகத்தரின் நேரத்தை நிரல் ஆய்வுக்கு ஒதுக்கல், அடுத்த கொள்முதலிலிருந்து புதிய நிபந்தனைகள். விலைமனு கொடுத்த நிறுவனத்திடம், இப்போதுள்ள ஒவ்வொரு கருவியின் மாதிரி இலக்கத்தையும் மென்பொருள் பதிப்பையும் எழுதி, இது ஏன் போதாது என்று வரிவாரியாகப் பதில் கேளுங்கள். அந்தப் பட்டியல் கிடைத்ததும் கருவிகளின் பெயர்களை மட்டும் இங்கே போடுங்கள், முகவரிகளைப் போட வேண்டாம். எதை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.